நட்டு மசியவில்லையா, சக்கரம் வரவில்லையா? வீட்டிலேயே கார் சக்கரம் கழற்றும் முறை

காரின் சக்கரத்தைக் கழற்றுவதில் பலம் கேட்கிற வேலையெல்லாம் நான்கு டயரும் தரையில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஜாக்கி ஏறிய பிறகு விரலால் சுற்றி எடுக்கிற வேலை மட்டுமே மிச்சமிருக்க வேண்டும். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வண்டியைத் தூக்கிவிட்டு, பிறகு இறுகிப்போன நட்டில் ஸ்பேனரை மாட்டி எம்பி எம்பித் தொங்குகிறார்கள். நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றும். அதைத் தடுக்க இன்னொருவர் டயரைக் கட்டிப்பிடிப்பார். மேலே வண்டி ஜாக்கியின் தலையில் ஆடிக்கொண்டிருக்கும். ஆபத்து முழுக்க அந்த ஆட்டத்தில்தான்.

பஞ்சர் மாற்றுவதற்கும், பிரேக் பேட் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றுவதற்கும் வரிசை ஒன்றேதான். நட்டு மசியாவிட்டால் என்ன செய்வது, நட்டு வந்தும் சக்கரம் ஹப்பை (அச்சின் முனையில் சக்கரம் உட்காரும் பகுதி) விடாவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். ஆட்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வண்டியோடு வருகிற சிசர் ஜாக்கி பஞ்சரான டயரை மாற்றுவதற்கு மட்டுமே. வீட்டில் அடிக்கடி வேலை செய்வதானால் 2 டன் டிராலி ஜாக்கி (சின்னச் சக்கரங்களில் உருளும் ஹைட்ராலிக் ஜாக்கி) ஒன்றும், ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடியும் தேவை. 1,200 கிலோ காரில் ஒரு மூலையில் இறங்கும் எடை சுமார் 300 முதல் 400 கிலோ. எஞ்சின் இருக்கும் பக்கம் சற்றுக் கூடுதல். ஆகவே 2 டன் தாராளம். ஸ்டாண்டு வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் தாங்குதிறன் ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். பலவற்றில் ஜோடிக்குத்தான் போட்டிருப்பார்கள்.

ஜாக்கி இருக்கும்போது ஸ்டாண்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியைத் தாங்கி நிற்பது உள்ளே அடைபட்ட எண்ணெய். அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது சின்ன சீல்களும் ஒரு வால்வும். சீல் தேய்ந்துவிட்டால் வண்டி சத்தமே இல்லாமல் இறங்கும். ஸ்டாண்டில் இரும்பு இரும்பின் மேல் உட்காருகிறது, கசிவதற்கு ஒன்றும் இல்லை. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கி மட்டும் தாங்குகிற வண்டிக்கு அடியில் கையோ காலோ தலையோ போகவே கூடாது, உருண்டு போன நட்டை எடுக்கக்கூட.

மற்றபடி வேண்டியவை: 60 செ.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார் (சாக்கெட் மாட்டித் திருப்பும் நீளக் கைப்பிடி), வண்டியின் நட்டுக்கு ஏற்ற சாக்கெட் (பெரும்பாலும் 17, 19 அல்லது 21 மி.மீ.), டார்க் ரெஞ்சு (நட்டைக் குறித்த முறுக்குவிசையில் இறுக்கும் ஸ்பேனர்), துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், 2 கிலோ சுத்தியல், ஒரு மரக்கட்டை, இரண்டு முட்டுக்கட்டைகள், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் நட்டின் முனைகளை மட்டும் பிடிக்கும், இறுகிய நட்டில் முனைகளை மழுக்கிவிடும்.

சக்கரத்துக்கு ஒன்று வீதம் திருட்டுத் தடுப்பு லாக் நட்டு போட்டிருக்கிறார்களா என்று இப்போதே பாருங்கள். அதற்கான சாவித்துண்டு டேஷ்போர்டு பெட்டியிலோ ஸ்டெப்னிக் குழியிலோ இருக்கும். டயர் மாற்றுவதானால் ஸ்டெப்னியையும் இப்போதே வெளியே எடுத்து, அதில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிடுங்கள். தூக்கிய வண்டியின் டிக்கியில் தலையை விட்டு எதையும் இழுக்கக் கூடாது.

வண்டி அசையாமல் நிற்க

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கான்கிரீட் சிறப்பு. வெயிலில் காய்ந்த தார்த்தரை இளகி, ஸ்டாண்டின் ஒடுங்கிய கால்கள் அதில் மெல்லப் புதையும். அப்படிப்பட்ட தரையில் 18 மி.மீ. பிளைவுட் பலகையை ஸ்டாண்டுக்கு அடியில் போடுங்கள். சரிவில் வேண்டவே வேண்டாம், சரிவு லேசாகத் தெரிந்தாலும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேனுவல் வண்டியானால் முதல் கியரிலும் ஆட்டோமேட்டிக்கானால் 'பி' நிலையிலும் போடுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் இடது முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால், கியர் வலது முன் சக்கரத்தைப் பிடித்து வைக்காது. இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலின் இயல்பு அது: காற்றில் தொங்கும் சக்கரம் பின்னோக்கிச் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் முன்னோக்கி உருளும். அப்போது வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களில் வேலை செய்வது. பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் அந்தப் பிடியும் போயிற்று. எனவே எந்தப் பக்கம் தூக்கினாலும், தரையில் நிற்கும் எதிர்மூலைச் சக்கரத்தின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டையை நெருக்கி வையுங்கள்.

உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. குழந்தைகளையும் செல்லப்பிராணிகளையும் தள்ளியே வையுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால், ஜாக்கி போடுவதற்கென்று தனி நிலை மெனுவில் இருக்கும். அதைப் போடாவிட்டால் தூக்கிய பிறகு வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும்.

தரையிலேயே நட்டை இளக்குங்கள்

வீல் கப் இருந்தால் கழற்றுங்கள். சில பிளாஸ்டிக் கப்புகளை நட்டுகளே அழுத்திப் பிடித்திருக்கும். அவற்றை நெம்பினால் உடைந்துதான் வரும்.

சாக்கெட்டை நட்டின் அடிவரை முழுக்க ஏற்றி, பாரின் கைப்பிடி இடது பக்கம் கிடையாக நிற்கும்படி மாட்டுங்கள். இனி கீழ்நோக்கி அழுத்தினால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை, அதாவது கழலும் திசை. உங்கள் உடல் எடையே வேலை செய்யும். மேல்நோக்கி இழுப்பவர்களுக்கு முதுகு பிடிக்கும். ஒவ்வொரு நட்டும் 'டக்' என்று விட்டதும் கால் சுற்று அல்லது அரைச் சுற்று இளக்கி நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம், வண்டி இன்னும் அந்த நட்டுகளில்தான் நிற்கிறது.

நீளமான பார் எவ்வளவு உதவும் என்பதற்குச் சின்னக் கணக்கு. 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கிய நட்டை 25 செ.மீ. ஸ்பேனரால் திருப்ப ஏறக்குறைய 45 கிலோ அழுத்தம் வேண்டும். 60 செ.மீ. பாரில் 19 கிலோ போதும். கடையில் காற்றுத் துப்பாக்கியால் கண்மண் தெரியாமல் முறுக்கியதோ, துருவேறியதோ 300 நியூட்டன் மீட்டரைக் கேட்டால், குட்டை ஸ்பேனருக்கு 120 கிலோவுக்கு மேல் தேவைப்படும். அதனால்தான் வண்டியோடு வந்த ஸ்பேனரின் மேல் ஏறிக் குதிக்கிறார்கள். குதித்தால் சாக்கெட் நழுவும், கணுக்கால் போகும்.

ஜெர்மானிய வண்டிகள் பலவற்றில் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்கம்பி), நட்டு இரண்டும் இருக்காது. ஹப்பில் நேராகத் திருகும் போல்ட்டுகள்தான். இளக்கும் முறை அதேதான்.

நட்டு மசியாவிட்டால்

துரு இளக்கும் எண்ணெயை நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையே மரையில் படும்படி விட்டு, 15 நிமிடமாவது விட்டுவைக்க வேண்டும். மூடிய தலையுள்ள நட்டு என்றால் எண்ணெய் உள்ளே போக வழியே இல்லை, நட்டு வீலைத் தொடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கும். பீய்ச்சி அடிக்காதீர்கள். பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பேட் அதைக் குடித்துவிடும், பிரேக் பிடிக்காது.

அடுத்த வழி கேட்க விசித்திரமாக இருக்கும்: இளக்குவதற்கு முன் இம்மியளவு இறுக்குங்கள். மரையில் பூட்டிக்கொண்ட துரு எந்தத் திசையில் அசைந்தாலும் உடையும். இறுக்கி, இளக்கி, மறுபடி இறுக்கி, இளக்கிப் பாருங்கள். சாக்கெட்டை மாட்டி அதன் தலையில் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டுவதும் உதவும்.

கை சொல்வதைக் கவனியுங்கள். துரு விடும் நட்டு 'கிரீச்' என்றோ 'டக்' என்றோ சத்தம் போட்டு, ஒரே அசைவில் விடும். சத்தமே இல்லாமல் பார் மெதுமெதுவென்று வளைந்து கொடுப்பதுபோல் நகர்ந்தால், திரும்புவது நட்டு இல்லை, ஸ்டட் முறுகுகிறது. உடனே நிறுத்தி மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பாதி சுற்றி வந்த நட்டு திடீரென்று இறுகினாலும் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். முன்னும் பின்னும் கால் கால் சுற்றாக ஆட்டி, இடையில் எண்ணெய் விட்டு வெளியே கொண்டுவாருங்கள். ஸ்டட் முறிந்துவிட்டால் ஒன்றும் தலைபோகிற காரியம் இல்லை, புது ஸ்டட் போடலாம். ஆனால் அது போடும்வரை அந்தச் சக்கரத்தோடு வண்டியை ஓட்டக் கூடாது.

சில நட்டுகளின் மேல் மெல்லிய பளபளப்புத் தகடு போர்த்தியிருக்கும். அடியில் துரு ஊறினால் தகடு உப்பி, 19 மி.மீ. சாக்கெட் ஏறாது, 21 போட்டால் ஆடும். தகட்டை உளியால் கீறி உரித்துவிட்டு உள்நட்டைப் பிடியுங்கள். முனை மழுங்கிய நட்டுக்கு, உட்புறம் சுருள்வெட்டுள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அது நட்டைக் கவ்வும். அது இல்லையென்றால், சற்றே சிறிய ஆறு மூலை சாக்கெட்டை அடித்து ஏற்றிப் பார்க்கலாம். இரண்டிலும் அந்த நட்டு குப்பைக்குத்தான்.

டயர் மாட்டியிருக்கும்போது நட்டையோ வீலையோ தீயால் சூடாக்கவே கூடாது. சூட்டில் டயரின் உள்ளே வாயு உருவாகி அழுத்தம் ஏறி, டயர் வெடிக்கும். அது ஆளைக் கொல்லும் வெடிப்பு. நட்டு இவ்வளவுக்கும் வரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். வண்டி இன்னும் தரையில்தானே நிற்கிறது; நட்டுகளை மறுபடி இறுக்கி ஓட்டிக்கொண்டே போகலாம்.

வண்டியைத் தூக்குவது

எல்லா நட்டும் இளகிய பிறகுதான் ஜாக்கிக்கு வேலை. கதவுகளுக்குக் கீழே, வண்டியின் நீளவாக்கில் இரண்டு தகடுகள் சேர்ந்த விளிம்பு ஒன்று ஓடும். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அதில் இரண்டிரண்டு வெட்டுக்குறிகள் அருகருகே இருக்கும். அந்த ஜோடிக் குறிகளுக்கு நடுவில்தான் பலம் கூட்டிய இடம். உங்கள் வண்டியின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள், அதையே இறுதியாகக் கொள்ளுங்கள். எண்ணெய்த் தொட்டி, தரைத்தகடு, கியர்பாக்ஸ் இவற்றில் ஜாக்கி படக் கூடாது. மின்சாரக் கார்களில் அடிப்பகுதி முழுக்கப் பேட்டரி, அங்கே குறித்த நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் வைக்கக் கூடாது.

டிராலி ஜாக்கியின் தட்டையான தலை அந்த விளிம்பை நசுக்கிவிடும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேடைத் தலையில் வைத்து, விளிம்பு பள்ளத்துக்குள் உட்காரும்படி செய்யுங்கள்.

தூக்கும்போது டிராலி ஜாக்கி தானாக ஓரிரு அங்குலம் வண்டிக்கு அடியில் உருண்டு போவதைக் காண்பீர்கள். அது கோளாறு இல்லை. ஜாக்கியின் கை வளைவான பாதையில் எழுகிறது, அதற்கு ஈடுகொடுக்க அடிச்சக்கரங்கள் உருள வேண்டும். சரளைக்கல்லிலோ மண்ணிலோ சக்கரம் உருள முடியாமல் போனால், ஜாக்கியின் தலை விளிம்பிலிருந்து நழுவும், அல்லது வண்டியையே பக்கவாட்டில் இழுக்கும். கெட்டித்தரை கேட்டதற்கு இன்னொரு காரணம் இதுதான்.

டயர் உடனே எழாது. முதலில் சஸ்பென்ஷன் தொங்கி நீளும், அதன் பிறகே டயர் தரையை விடும். பஞ்சருக்காக என்றால், காற்று நிரம்பிய ஸ்டெப்னி உள்ளே போக இன்னும் சற்று உயரம் தேவை.

ஜாக்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? எல்லோருக்கும் வரும் சந்தேகம். கையேட்டில் முன்பக்க நடுவிலோ பின்பக்க நடுவிலோ தூக்கும் இடம் காட்டியிருந்தால், அங்கே ஜாக்கி போட்டு, இரண்டு பக்க விளிம்புகளின் குறியிட்ட இடங்களில் ஸ்டாண்டு வையுங்கள். நடு இடம் இல்லாத வண்டியில், விளிம்பில் தூக்கி, சப்ஃபிரேமின் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) கெட்டியான பகுதிக்கு அடியில் ஸ்டாண்டு வைக்கலாம். வைத்த பின் ஜாக்கியின் வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து மெல்ல இறக்குங்கள். எடை ஸ்டாண்டில் முழுதாக உட்கார்ந்ததும், வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்டிப் பாருங்கள். அது விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும் இப்போதே விழட்டும். ஆடவில்லை என்றால் ஜாக்கியை லேசாகத் தொடும்படி மட்டும் வைத்துவிடுங்கள்.

சக்கரம் ஹப்பை விடாவிட்டால்

நட்டெல்லாம் கையில் வந்துவிடும், சக்கரம் மட்டும் இம்மியும் அசையாது. அலாய் வீலின் அலுமினியமும் ஹப்பின் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று அரித்து, நடுத்துளையைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். கழற்றிய பிறகு பார்த்தால் அங்கே வெள்ளைப் பொடியும் செந்துருவும் படிந்திருக்கும். இரும்பு வீலிலும் துருப்பிடித்து ஒட்டும்.

அடிப்பதற்கு முன் இரண்டு விஷயம். வண்டி ஸ்டாண்டில் இருக்க வேண்டும், ஜாக்கியில் இருக்கும்போது அடிக்கவோ உதைக்கவோ கூடாது. அடுத்து, கழற்றிய நட்டுகளை மூன்று நான்கு மரை திரும்பவும் மாட்டி வையுங்கள். சக்கரம் திடீரென்று விட்டால் உங்கள் மேல் விழாமல் அவை தடுக்கும்.

நடுத்துளையின் விளிம்பில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பிறகு டயரின் ரப்பர் பகுதியைக் குதிகாலால் உதையுங்கள். முன்சக்கரமானால் மேலும் கீழும் மாறி மாறி உதைப்பது பலன் தரும். பக்கவாட்டில் உதைத்தால் ஸ்டியரிங் திரும்பி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். சக்கரத்தைக் கால் சுற்றுச் சுற்றி மறுபடி உதையுங்கள். ஓரிடத்தில் பத்து அடி கொடுப்பதைவிட சுற்றிச் சுற்றிக் கொடுக்கும் அடிக்குத்தான் பிடி விடும்.

விடவில்லையா? டயரின் உட்பக்கச் சுவரில் மரக்கட்டையை வைத்து, வெளிப்பக்கமாகத் தள்ளும்படி சுத்தியலால் அடியுங்கள். கை மட்டும் உள்ளே போகட்டும், உடம்பு வெளியே இருக்கட்டும். அலாய் வீலின் மேல் நேராகச் சுத்தியல் பட்டால் விரிசல் விடும். டிஸ்க்குக்கும் வீலுக்கும் நடுவில் கடப்பாறையைக் கொடுத்து நெம்புவதும் அதே கதைதான், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

இதற்கும் மசியாத சக்கரத்துக்கு என் முதல் பரிந்துரை, வண்டியைத் திரும்பத் தரையில் இறக்குவதுதான். எல்லா நட்டையும் கையால் முழுக்க இறுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் முக்கால் சுற்று மட்டும் இளக்குங்கள். ஸ்டாண்டு, ஜாக்கி, முட்டுக்கட்டை அனைத்தையும் எடுத்துவிட்டு, வண்டியின் கூரையோரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் பலமாக ஆட்டுங்கள். சத்தம் வரவில்லை என்றால், எஞ்சினைப் போட்டு ஒரு மீட்டர் முன்னே நகர்த்தி பிரேக், ஒரு மீட்டர் பின்னே நகர்த்தி பிரேக். நடைவேகத்துக்கும் கீழேதான். ஒரு டன்னுக்கு மேலான எடை பிடியில் திருகி இறங்கும்போது, பெரும்பாலும் ஓரிரு தடவையிலேயே 'டப்' என்று கேட்கும். கேட்டவுடன் நிறுத்துங்கள். இளகிய நட்டோடு தெருவில் இறங்கக் கூடாது, வாசல் அளவோடு சரி. பிறகு முட்டுக்கட்டை, ஜாக்கி என்று மறுபடி முதலிலிருந்து.

போல்ட் உள்ள வண்டியில் கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது சக்கரம் அப்படியே கீழே இறங்கிவிடும். மேல் துளையில் ஒரு வழிகாட்டிக் கம்பியைத் திருகி வைத்துக்கொண்டால் அது தாங்கும், மாட்டும்போதும் துளை தேடி அலைய வேண்டாம். டயரோடு சேர்ந்த சக்கரம் 15 முதல் 25 கிலோ கனக்கும். உட்கார்ந்து, பாதத்தை டயருக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் பக்க விளிம்புக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்டு இல்லாமல் பஞ்சர் மாற்றுகிறவர்களுக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பு.

திரும்ப மாட்டும்போது

ஹப்பின் முகத்தையும் வீலின் உள்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேயுங்கள். இடையில் துருச்செதில் சிக்கியிருந்தால் வீல் ஒட்டி உட்காராது. ஓடும்போது செதில் நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். பிறகு ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் ஆன்டி-சீஸ் பசையை (உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது) மெல்லிசாகத் தடவுங்கள். அடுத்த தடவை உதைக்க வேண்டிய அவசியம் வராது. ஸ்டட்டின் மரையில் எண்ணெயோ பசையோ வேண்டாம். வழுக்கும் மரையில் அதே டார்க் கொடுத்தால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

நட்டுகளை விரலால் தொடங்குங்கள், கூம்புப்பக்கம் வீலைப் பார்க்க. ஐந்து நட்டானால் ஒன்று விட்டு ஒன்று, நான்கானால் எதிரெதிர் என்று கையளவு இறுக்குங்கள். ஜாக்கியால் சற்றுத் தூக்கி ஸ்டாண்டை எடுத்து, அடியில் ஒன்றும் இல்லை என்று பார்த்து இறக்குங்கள். டயர் தரையில் அழுந்தியதும் அதே வரிசையில் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கிறது. ரெஞ்சு 'கிளிக்' என்றதும் விட்டுவிடுங்கள், ஆசைக்கு இன்னொரு இழுப்பு வேண்டாம்.

50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு, சக்கரம் ஆறியிருக்கும்போது, அதே டார்க்கில் ஒவ்வொரு நட்டையும் சோதியுங்கள். இம்மியளவு நகர்வது சகஜம். கால் சுற்றுக்கு மேல் திரும்புகிறது என்றால் வீல் இன்னும் ஒழுங்காக உட்காரவில்லை; கழற்றி, ஹப்பின் முகத்தை மறுபடி தேய்த்து மாட்டுங்கள்.